அசீனா வீட்டுப் போனுக்குப் பூட்டுப் போட்ட விவரம்

கோடு போட்ட தாள்தான் வேண்டும் என்று கடையில் கேட்டு வாங்கிவந்தேன். கோடில்லாத தாளில் எழுதினால் என் வரி சஞ்சீவி மலைக்கு ஏறுவது போல மேலே போய்க்கொண்டே இருக்கும். என் மனைவி வேலுத்தாய் அதைச் சொல்லிச் சிரிப்பாள். உங்கள் ஜமாஅத்தில் பெரியவர்கள் கைமாற்றி வாசிக்கப்போகிற தாள் என்பதால் எழுத்தாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

செயலாளர் பாய், நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு சொல். அசீனா அன்று போனில் சொன்னது ‘அத்தா’ என்றா, ‘அத்தான்’ என்றா? உங்கள் வீடுகளில் அத்தா என்றால் தகப்பனார். எங்கள் வீடுகளில் அத்தான் என்றால் கட்டிக்கொண்டவன், இல்லாவிட்டால் கட்டிக்கொள்ள முறையுள்ளவன். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றீர்கள். ஆனால் ரிப்பேருக்கு வந்த செட்டைத் திறந்தவன், எந்தப் பாகம் போயிருக்கிறது என்று பார்க்காமல் மூட மாட்டான். கையோடு வந்த குணம். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறவன். பெயர் பொன்னுராஜ். இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். நாலைந்து வருஷமாகச் சவுதியிலிருந்து வருகிறவர்கள் கார்ட்லெஸ் போன் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒயர் வந்து சேருகிற பெட்டி ஒன்று கூடத்தில் இருக்கும். கையில் பிடிக்கிற போன் வீடெல்லாம் சுற்றும். இரண்டுக்கும் நடுவே குரல் காற்றில் போகும். ராஜபாளையத்தில் அதைத் திறந்து மூடத் தெரிந்தவன் அப்போது நான் ஒருவன்தான். தளவாய்புரத்திலிருந்தெல்லாம் துணியில் பொதிந்து கொண்டுவருவார்கள்.

இரும்புக்கடை அப்துல் ஹமீது பாய் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. அவருடைய தம்பி ஜெய்னுலாப்தீன் தம்மாமிலிருந்து அனுப்பியிருந்தார், மனைவி அசீனா சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு மாடியிலிருந்தே பேசட்டும் என்று. அவர்கள் வீட்டு மாடிக்கும் என் கடையின் பின்சுவருக்கும் நடுவே ஒரு காலிமனையும் இரண்டு முருங்கை மரமும்தான்.

போன வருஷம் ஆனி மாதம் ஹமீது பாய் என்னைக் கூட்டிவரச் சொன்னார். போனேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வீட்டு வெள்ளத்தாய் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் வரிவரியாக ஓடி, நடுவில் அசீனா குரல் கேட்டதாம்.

“எங்க வீட்டுப் பிள்ள கறி எம்புட்டு வாங்கணும்னு கேட்டது அவ டிவியில வந்திருக்கு பொன்னுராசு. இன்னைக்குக் கறி. நாளைக்கு என்னென்ன வருமோ? இதுக்கு ஒரு பூட்டுப் போட்டுக் குடு.”

அசீனா கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். முக்காடு மட்டும் தெரிந்தது. நான் செட்டைக் கவிழ்த்துத் திருப்புளியை எடுத்தேன். இந்தப் போன்களின் அடியில் பல்வரிசை போல நாலைந்து சின்ன சுவிட்ச் இருக்கும். மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் அது ரகசிய எண். பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை வைத்து நம் லைனில் வெளியூர் பேசாமல் தடுக்கும். அவ்வளவுதான் அதனால் ஆகும். பேசுவதைக் கேட்க விடாமல் அது தடுக்காது. வாசலுக்குப் பூட்டுப் போடலாம், வீட்டுக்கூரைக்கு மேலே போகிற காற்றுக்குப் போட முடியாது. இதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

சுவிட்சுகளை மாற்றினேன். சானலையும் மாற்றினேன். பத்து சானலில் நாலாவதுக்குக் கொண்டுபோனால் வெள்ளத்தாய் டிவியில் வராது, தெருவில் வேறு எந்தச் செட்டிலும் வராது என்று சோதித்துப் பார்த்துத்தான் வைத்தேன். வேலையில் குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

“அண்ணே, இனிமே யாருக்கும் கேக்காதுல்ல?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“கேக்காது தங்கச்சி. தைரியமாப் பேசு.”

என் கடையில் எட்டு வருஷமாகச் சொந்தக்காரர் திரும்பி வராத ரேடியோ ஒன்று கிடந்தது. அதற்குள் காயில் என்கிற கம்பிச்சுருளைக் கொஞ்சம் திருகினால் நாலாவது சானல் எடுக்கும். அன்று சாயங்காலம் அதைத் திருகினேன். பூட்டுச் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத்தான். பூட்டுப் போட்டவன் இழுத்துப் பார்க்காமல் போவானா?

மறுநாளும் சோதித்தேன். அதற்கடுத்த நாளும்.

தப்பான எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அசீனா பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன மூச்சு எடுப்பாள். சிரித்தால் பாதியில் நிறுத்திக்கொள்வாள், யாரோ அதட்டியது போல. மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டுப் பெண்கள் கண்ணயரும் நேரத்தில், மாடிக்கு வந்து பேசுவாள். அந்த நேரத்தில் நான் ஈயம் பற்றவைக்கிற வேலையை வைத்துக்கொள்வதில்லை. கவனம் சிதறினால் பற்று சரியாகப் பிடிக்காது. மூன்றேகாலுக்கு மேல்தான் அன்றைய வேலை ஓடும். வேலுத்தாய் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டு, “ரேடியோவப் பார்த்து இம்புட்டுச் சிரிப்பு என்னத்துக்கு? அது ஒங்களயா பார்த்துச் சிரிக்கு?” என்றாள். நான் குமிழைத் திருகி விவசாயச் செய்தி வைத்தேன்.

கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்குக் கடமை என்று ஒன்று வந்துவிடுகிறது. அவள் வீட்டு மிக்ஸி நின்றுபோய், அம்மியில் அரைத்துக் கை வீங்கிவிட்டது என்று தன் சிநேகிதியிடம் சொன்னாள். மறுநாள் நானே போய் மிக்ஸியைச் சரிசெய்து கொடுத்தேன். கடைவாய்ப் பல்லில் வலி என்றாள். கிராம்புத் தைலம் வாங்கி வேலுத்தாயிடம் கொடுத்தனுப்பினேன். அசீனா திகைத்துப்போய், “ஒங்களுக்கு எப்படி மதினி தெரியும்?” என்று கேட்டாளாம். வேலுத்தாய் வந்து அதே கேள்வியை என்னிடம் கேட்டாள். ஹமீது பாய் சொன்னார் என்றேன். வேலுத்தாய் அதன்பிறகு கடைக்குச் சாப்பாடு கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அசீனாவின் தகப்பனார் பீர் மைதீன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் ஹமீது பாய்க்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதும் தெரியும். சொந்தத்தில் ஒரு நிக்காஹ் பந்தியில், அத்தனை பேர் முன்னால், “மகளைக் கட்டிக் குடுத்தேன், அடிமையாக் குடுக்கல” என்று அவர் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் மன்னிப்புக் கேட்கும்வரை அசீனா அங்கே போகக்கூடாது, பேசக்கூடாது என்று தம்மாமிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு வருஷமாயிற்று. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் தகப்பன் இருக்கிறார், மகள் பார்க்கக்கூடாது. ஹமீது பாய் கெட்டவர் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டால் மாறமாட்டார்.

பூட்டுப் போட்ட பிறகு, மூன்று மணிப் பேச்சில் யாரோ ஒருவருக்கு அடிக்கடி போன் போயிற்று. யாருக்கு என்று தெரியாது என்றுதான் ஹமீது பாயிடம் சொன்னேன்.

இந்தத் தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். முதல் சொல்லை மட்டும் இப்போது எழுதவில்லை, அதுதானே வழக்கு.

“...வெள்ளிக்கெழமை ஆம்பளைக எல்லாரும் ஜும்மாவுக்குப் போயிருவாக. அந்நேரம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருதேன். வந்தா ஒங்க கூடத்தான் இருப்பேன். இங்கன யாருக்கும் தெரியாது. இந்தப் போன்ல பேசுதது ஒருத்தருக்கும் கேக்காது.”

கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருந்தாள்.

பிறகுதான் மற்றது உறைத்தது. அவள் போகப்போகிறாள். அந்தப் போனின் குரல் எட்டும் தூரம் முந்நூறு அடி. காலிமனையையும் இரண்டு முருங்கை மரத்தையும் தாண்டி வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு அரைமணி நேரம், ரேடியோவுக்கு வேறு தேசம். அன்று மீதி வேலை ஓடவில்லை. ஒரு டேப்ரெக்கார்டரைத் திறந்து, அப்படியே மூடி, சரியாகிவிட்டது என்று கொடுத்தனுப்பினேன். அப்படி நான் செய்ததே கிடையாது. என்னால் என்ன செய்ய முடியும்? போகாதே என்று அவளிடம் போய்ச் சொல்லவா முடியும்?

வியாழக்கிழமை இரும்புக்கடைக்குப் போனேன். நாலு ஆணி வாங்கிக்கொண்டு, செத்த நேரம் நின்றேன். ஒரு செட்டைச் சோதிக்கும்போது தற்செயலாகக் காதில் விழுந்தது என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். நாளைக்கு ஜும்மா நேரத்தில் கிளம்புவதாகப் பேச்சு என்றேன். ஹமீது பாய் தராசைக் கீழே வைத்தார்.

“யாருகிட்ட பேசிச்சு?”

“தெரியல பாய். ஆம்பளக் குரல் மாதிரி இருந்துச்சு.”

“அவ அந்த ஆள என்ன சொல்லிக் கூப்பிட்டா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பதில் நாக்கில் தயாராக இருந்தது.

“அத்தான்னு கேட்டுச்சு பாய்.”

“சரியாக் கேட்டியா?”

“இரைச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அப்படித்தான் கேட்டுச்சு.”

அவர் கீழே வைத்த தராசை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “எங்கள்ல அத்தான்னு யாரையும் கூப்பிடுததில்லயே. கட்டினவனும் மச்சான்தான், முறைப்பையனும் மச்சான்தான். என்னயே மச்சான்னுதான கூப்பிடுதா. அப்ப இது வெளியாளா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு தூரம் நான் யோசித்திருக்கவில்லை. என் வீட்டுச் சொல்லை நான் சொன்னேன், அது அவர் வீட்டில் போய் வேறொன்றாக நின்றது. அப்போது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆணிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹமீது பாய் தொழுகைக்குப் போகவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு அசீனா ஒரு துணிப்பையும் நாலு வயது நூர்பானுவுமாக வாசலுக்கு வந்தாள். எங்கே என்று கேட்டார். அவள் ஒளிக்கவில்லை.

“அத்தாவப் பார்க்கப் போறேன் மச்சான். அவியளுக்கு முடியல. பார்த்துட்டு வந்துருதேன்.”

உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் முந்தின நாளே நான் சொன்ன சொல் அவர் காதில் இருந்தது. அகப்பட்டதும் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. உண்மை பொய்யின் குறைப்பிரசவம் போலத் தெரிந்துவிட்டால் அதன்பிறகு எதைச் சொல்லி யார் நிரூபிக்க முடியும்? குர்ஆன் மேல் கைவைக்கிறேன் என்றிருக்கிறாள். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. அதை அவருக்காக நான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் அவரே கார்ட்லெஸ் போனைப் பெட்டியோடு கழற்றிக்கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “இது ஒன் கிட்டயே கெடக்கட்டும் பொன்னுராசு. நீ செஞ்ச உபகாரத்த மறக்க மாட்டேன்” என்றார். அந்த வீட்டில் இருந்த போன் அது ஒன்றுதான். இரும்புக்கடைக்குக் கேட்டிருந்த இணைப்பு இன்னும் வரிசையில் இருந்தது.

பீர் மைதீன் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விடாமல் போன் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மணி போய்க்கொண்டே இருந்திருக்கும், இங்கே அடிக்கப் பெட்டி இல்லை. பெட்டி என் மேஜையில் இருந்தது. கடைசியில் ஒருவரைப் பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அவர் வந்து சொன்னபோது, இது அவளை வெளியே எடுக்கச் செய்கிற வேலையோ என்று ஹமீது பாய் முதலில் நம்பவில்லை. நம்பிக் காரை வரவழைத்து அசீனாவைக் கூட்டிப்போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை எடுத்துவிட்டார்கள். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. தகப்பனார் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து, தலையணையைப் பிடித்துக்கொண்டு, “நான் வாரேன்னு சொன்னேனே அத்தா, வாரேன்னு சொன்னேனே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஹமீது பாய்தான் பிற்பாடு இதை என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவள் திரும்பி வரவில்லை. வந்தாலும் வைத்துக்கொள்வார்களா என்பது வேறு. விஷயம் தெளியும்வரை மனைவியை வீட்டில் ஏற்ற வேண்டாம், பிள்ளை ராஜபாளையத்திலேயே இருக்கட்டும் என்று தம்மாமிலிருந்து கடிதம் வந்தது. நாலு மாதமாகிறது. நூர்பானு மாடியில் நின்று அம்மா, அம்மா என்று அழுவது என் கடைக்குக் கேட்கிறது. அதற்கு ரேடியோ தேவைப்படுவதில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவள், தாயில்லாத வீட்டில் பிள்ளை. இடையில் உங்கள் ஜமாஅத். ஊரில் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி அந்த ‘அத்தான்’ யார் என்று தேடுகிறார்கள். தேவதானத்துப் பையன் ஒருவனைப் பிடித்து விசாரித்ததாகக்கூடக் கேள்விப்பட்டேன். இல்லாதவனை எங்கே போய்ப் பிடிப்பது?

ஆக, வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற மாதிரி, எல்லாம் என்னிடம் வந்து நிற்கிறது.

இப்போது அந்தச் சொல்.

அன்று இரைச்சல் எதுவும் இல்லை. வானம் தெளிந்து கிடந்தது. கையில் பிடிக்கிற போனிலிருந்து பேசுகிறவளின் குரலை மட்டும்தான் எடுக்க முடியும், ஆனால் கூடத்துப் பெட்டியிலிருந்து இரண்டு குரலும் போகும். என் ரேடியோவை முதல் நாளிலேயே பெட்டியின் அலைவரிசைக்குத் திருகி வைத்திருந்தேன். பீர் மைதீன் குரலை ஏழெட்டு மாதமாகத் தெரியும். இருமலைக்கூடத் தெரியும். சின்ன வயதில் இதே தெருவில் என் கூட்டாளிகளின் தகப்பனார்களை நானும் அத்தா என்றுதான் கூப்பிட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவன் இல்லை.

முன்பு எழுதியதில் மருந்து பற்றிய வாக்கியத்தையும் விட்டிருந்தேன். அவள் சொன்னது முழுவதும் இது: “அத்தா, வெள்ளிக்கெழமை ஆம்பளைக எல்லாரும் ஜும்மாவுக்குப் போயிருவாக. அந்நேரம் பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிருதேன். வந்தா ஒங்க கூடத்தான் இருப்பேன். நீங்க எந்திரிச்சு நடக்குத மட்டும் நானே மருந்து எடுத்துக் குடுப்பேன். இங்கன யாருக்கும் தெரியாது. இந்தப் போன்ல பேசுதது ஒருத்தருக்கும் கேக்காது.” அதற்கு அவர், “வா தாயி. வெள்ளிக்கெழமை வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். மேற்கொண்டு நாலு நாளும் பொறுத்துப் பார்த்தார்.

‘அத்தா’ என்றுதான் அவள் சொன்னாள். ‘ன்’ நான் சேர்த்தது. சுயபுத்தியோடு, யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். போலீசுக்குக் கொடுப்பதென்றாலும் கொடுங்கள். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

நாலு மாதம் பேசாமல் இருந்தவன் இப்போது ஏன் சொல்கிறான் என்று நீங்கள் யோசிக்கலாம். அந்தப் பெண் படுகிற பாட்டைப் பொறுக்க முடியவில்லை என்றுதான் வேலுத்தாயிடம் சொன்னேன். அவள், “நெசமாவா?” என்று மட்டும் கேட்டாள். நிஜம்தான். இந்தத் தாளைப் பார்த்தால் ஜெய்னுலாப்தீன் மனம் மாறுவார். ஹமீது பாயே கார் வைத்துக்கொண்டு போய் அவளைக் கூட்டிவருவார். பிள்ளை அழுகையை நிறுத்தும். மூன்று மணிக்கு நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், ரேடியோவில் வெறும் காற்று இரைகிறது. இப்படியே எத்தனை நாள் இருக்க முடியும்?

ஒரே ஒரு வேண்டுகோள். போன் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, தினமும் துடைத்துச் சார்ஜில் போடுகிறேன். அசீனா வந்து சேர்ந்த அன்றே கொடுத்தனுப்பிவிடுகிறேன், யார் வேண்டுமானாலும் மாட்டட்டும். சானலை மட்டும் மாற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலாவது சானலில்தான் அவள் பேசுவது யாருக்கும் கேட்காது.